கொள்ளைநோய் வந்தால் ஊருக்கு வருவதா, அங்கேயே இருப்பதா? ராமநாதபுரம் கரையிலிருந்து முதல் சபர் (வெளிநாட்டு வேலைப் பயணம்) போனவர்களுக்கு

கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 19-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 22-ஆம் தேதி முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்தியாவில் இறங்குவது நின்றுபோனது. இடையில் கிடைத்தது மூன்றே நாள். பழைய அட்டவணைப்படி அந்த விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியது 2022 மார்ச் 27-இல்தான். அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்கள்தான் இன்று கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது.

நோய் பரவுகிறது என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஊருக்கு எப்படிப் போய்ச் சேருவது?" அதற்கு 2020-இல் எப்படியோ வழி பிறந்தது. மே 7 முதல், வெளிநாட்டில் மாட்டியவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் வந்தன, கடற்படைக் கப்பல் வந்தது, சங்கங்கள் தனி விமானம் எடுத்தன. திரும்பிப் போகும் வழிதான் நாடு நாடாக அடைபட்டது. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "நான் போனால் எத்தனை நாளுக்குள் திரும்பி வரவேண்டும்? அந்த நாளுக்குள் கதவு திறக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்?" டிக்கெட் விலையெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் நாள் கணக்கு

ஒரு தாளை எடுத்து மூன்று தேதிகளை எழுதுங்கள்: பாஸ்போர்ட் முடியும் நாள், இக்காமா (குடியிருப்பு அனுமதி) அல்லது விசா முடியும் நாள், ஊருக்குப் போனால் திரும்ப வேண்டிய கடைசி நாள். மூன்றாவது தேதிதான் பலருக்குத் தெரியாது. அமீரகத்திலும் குவைத்திலும் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா செத்துப்போகும். சவூதியில் ரீ-என்ட்ரி (திரும்பி வரும் அனுமதி) எத்தனை நாளுக்கு அடித்திருக்கிறார்களோ அவ்வளவுதான். அந்தத் தேதிக்குள் திரும்பாதவர்களுக்கு அப்போது மூன்று வருஷத் தடை இருந்தது. 2024 தொடக்கத்தில்தான் அதை எடுத்தார்கள்.

இப்போது 2020-இல் நடந்ததை இந்தத் தாளோடு ஒட்டிப் பாருங்கள். குவைத் 2020 ஆகஸ்டில் விமானங்களைத் திறந்தபோது இந்தியா உட்படப் பல நாடுகளிலிருந்து நேரடியாக வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தியது. மலேசியா செப்டம்பர் 7 முதல் இந்தியர்களை, நீண்டகால அனுமதி வைத்திருந்தவர்களையும் சேர்த்து, உள்ளே விடவில்லை. சவூதி அதே மாதம் இந்தியப் போக்குவரத்தை நிறுத்தியது. அமீரகம் முன்அனுமதி வாங்கியவர்களை வரவிட்டது. துபாய் விசாவுக்கு ஓர் அலுவலகம், மற்ற அமீரகங்களுக்கு வேறோர் அலுவலகம். குவைத்துக்கும் சவூதிக்கும் போக வேண்டியவர்கள் துபாயில் 14 நாள் அறை எடுத்துத் தங்கி அங்கிருந்து போனார்கள். 2021 ஏப்ரல் 24 இரவோடு அமீரகமும் இந்திய விமானங்களை நிறுத்தியது. மாலத்தீவு, நேபாளம் என்று சுற்றுவழி தேடினார்கள். ஏப்ரல் முடிவதற்குள் நேபாளமும் மூன்றாம் நாட்டுக்குப் போகும் இந்தியர்களைத் தடுத்துவிட்டது. இரண்டு மாத லீவில் வந்தவர்கள் ஒரு வருஷம் தாண்டியும் ஊரில் உட்கார்ந்திருந்தது இப்படித்தான்.

சில அரசுகள் விசாவைத் தாமாக நீட்டித்தது உண்மை. சவூதி வெளியே மாட்டிக்கொண்டவர்களின் இக்காமாவைக் கட்டணம் இல்லாமல் பலமுறை நீட்டித்தது. ஆனால் அந்த நீட்டிப்பு கையில் வந்த பிறகுதான் அது நீட்டிப்பு. "எப்படியும் நீட்டுவான்" என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். அமீரகம் 2020 கடைசி வரை நீட்டிப்பு என்று முதலில் சொன்னது, ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

திரும்ப வேண்டிய தேதிக்கு நான்கு மாதத்துக்குமேல் கையில் இருந்தால் ஊருக்கு வருவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் கீழே என்றால், உயிருக்கு ஆபத்து இல்லாதவரை கிளம்ப வேண்டாம். நான்கு மாதம் என்பது சட்டம் இல்லை, அந்த இரண்டு வருஷத்தைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவு.

என்ன பேப்பரில் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

வேலை குறைந்ததும் கம்பெனி அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். அது அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். "ஊருக்குப் போயிட்டு வா, நிலைமை சரியானதும் கூப்பிடுறோம்" என்று வாயால் சொல்வார்கள். தாளில் எழுதியிருப்பது வேறாக இருக்கலாம். சம்பளமில்லா விடுப்பா, சம்பளக் குறைப்பா, விசா கேன்சலா, ராஜினாமாவா என்று தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள். போட்டோ எடுத்து அறையில் விவரம் தெரிந்த ஒருவருக்குக் காட்டிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லலாம். அதற்குக் கோபப்படுகிற மேலாளர் என்றால் அந்தத் தாளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

சவூதியில் ராஜினாமா என்ற ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று பாருங்கள். மாதம் 1,500 ரியால் சம்பளம், நான்கு வருஷம் வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் சர்வீஸ் பணம் (வேலை முடிந்து போகும்போது தருவது). கம்பெனி உங்களை அனுப்பினால் 3,000 ரியால். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 1,000. இரண்டு வருஷம்கூட ஆகாமல் விலகினால் ஒன்றும் கிடையாது.

அமீரகத்தில் கணக்கு வேறு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுவும் பேசிக் சம்பளத்தில் மட்டும். பேசிக் 1,200 திர்ஹம் என்றால் ஒரு நாளுக்கு 40, வருஷத்துக்கு 840. மூன்று வருஷம் முடித்தவருக்கு 2,520. கைக்கு வரும் 2,000 திர்ஹத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டு ஊரில் வீட்டுக்கு இரும்புக் கம்பி சொல்லி வைக்காதீர்கள். 2020 மார்ச்சில் அமீரகம் போட்ட உத்தரவில் சம்பளமில்லா விடுப்புக்கும் சம்பளக் குறைப்புக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றுதான் இருந்தது. அந்தச் சம்மதத்தைத்தான் கையெழுத்தாக வாங்கினார்கள்.

பாக்கிச் சம்பளம் இருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் புகாரைப் பதிந்து எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். புகார் இல்லாமல் விமானம் ஏறியவர் ஊரிலிருந்து துரத்துவது மிகக் கடினம். வேறு வழியே இல்லை என்றால் அங்கே நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு, தூதரகத்தில் சான்று வாங்கி, அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பதாக்கா (அடையாள அட்டை), இன்சூரன்ஸ் அட்டை, பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசா பக்கமும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உம்மாவுக்கோ தம்பிக்கோ இன்றைக்கே அனுப்பிவையுங்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மீன்பிடிக்கப் போனவர்கள் இதைத் தனியாகப் படிக்கவும்

இந்தக் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் இல்லை. பஹ்ரைன், சவூதி, ஈரான் கரைகளில் அரபி முதலாளியின் படகில் வேலை செய்கிற மீனவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகள் பாதிதான் பொருந்தும். பலருக்கு மாதச் சம்பளமே இல்லை, பிடித்த மீனில் பங்கு. சந்தை மூடினால் மீன் விலை போகாது, பங்கும் வராது, அரிசி பருப்புக்கு வாங்கின பற்று மட்டும் ஏறிக்கொண்டே போகும். சம்பளச் சீட்டு இல்லாததால் எவ்வளவு பாக்கி என்று காட்டவும் ஆதாரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு தங்கல் முடிந்து கரை ஏறும்போதும் எடை, விலை, உங்கள் பங்கு, கொடுத்தது, பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதி, முதலாளியோ அவர் ஆளோ கையெழுத்துப் போடாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவையுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் அது தேதியோடு நிற்கும்.

ஈரானில் இருந்தவர்கள் 2020-இல் விமானத்தை நம்பியிருந்தால் வந்திருக்க முடியாது. நான்கு மாதத்துக்குமேல் படகிலும் கரையிலும் கிடந்து, ஐஎன்எஸ் ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பலில் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேர் ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடி வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் தமிழக மீனவர்கள். அதே கப்பல் ஜூன் மாதத்தில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு ஆள் கொண்டுவந்தது. கப்பல் தேதி யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தூதரகப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைத்தான் ஏற்றினார்கள். படகில் இருக்கிற எல்லோருடைய பெயர், பாஸ்போர்ட் எண், ஊர், படகு நிற்கும் துறைமுகம் ஆகியவற்றை ஒருவர் தொகுத்துத் தூதரகத்துக்கு அனுப்புவது தனித்தனியாக இருபது பேர் போன் செய்வதைவிடப் பலன் தரும். மீனவர் சங்கம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் அதே பட்டியலைக் கொடுங்கள்.

ஊருக்கு வந்தால் என்ன தொழில் என்பதையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தப் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம். 2020-இல் மட்டும் ஊரடங்கைக் கணக்கில் வைத்து மே கடைசியோடு முடித்தார்கள். தடைக்காலத்தில் வந்திறங்கினால் நாட்டுப்படகுக் காரர்களோடு சேர்ந்தால்தான் கையில் காசு பார்க்கலாம்.

வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு ஒன்று. பாஸ்போர்ட் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) கையில் இருந்தால் அதன் நகலாவது உங்களிடம் இருக்கட்டும். சம்பளமும் இல்லை, வெளியே விடவும் இல்லை என்றால் கணக்கெல்லாம் பார்க்கத் தேவையில்லை, தூதரகத்தின் உதவியைக் கேட்டுக் கிளம்பலாம். ஒவ்வொரு தூதரகத்திலும் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதவருக்குத் தங்குமிடம், டிக்கெட், சட்ட உதவி தருவதற்குத்தான் அது.

வீட்டுக் கணக்கு

இங்கே பலர் வெட்கப்பட்டு வீட்டில் கேட்பதில்லை. கேளுங்கள். மாதச் செலவு எவ்வளவு, நகை எங்கே அடகில் இருக்கிறது, வட்டி என்ன, சீட்டு எத்தனை பாக்கி, தங்கச்சி நிக்காஹுக்கு யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். விசாவுக்காக இரண்டு லட்சம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 4,000 ரூபாய், வருஷம் 48,000. நீங்கள் ஊரில் சும்மா இருக்கும் மாதத்திலும் அந்த 4,000 நிற்காது. 2020-இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வங்கிக் கடன் தவணைக்கு அவகாசம் தந்தார்கள். ஒத்திப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஏறியது. தெருவில் வாங்கிய வட்டிக்கு அந்த அவகாசம்கூட இல்லை.

பாதிச் சம்பளம் தருகிறார்கள், சாப்பாடும் அறையும் இருக்கிறது என்றால் அங்கேயே இருப்பதுதான் பெரும்பாலும் லாபம். சபராளி ஊரில் இருந்தால் செலவு குறையாது, கூடும். இந்தக் கரையில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால்

இதுதான் கணக்கில் அடங்காத இடம். ஆனாலும் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் வந்தால் அவருக்கு மருத்துவம் மாறுமா? அல்லது நீங்கள் அனுப்பும் பணம்தான் மருத்துவத்தை நடத்துகிறதா? இரண்டாவது என்றால் பணமும் ஒரு பொறுப்பான ஆளும்தான் தேவை. யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, யார் கையெழுத்துப் போடுவது, வண்டி யாருடையது என்று மச்சானையோ பெரியம்மா மகனையோ கேட்டு முன்னாலேயே முடிவு செய்துவையுங்கள். வீட்டில் உங்களைத் தவிர வேறு ஆளே இல்லை என்றால் அது வேறு. அப்போது வேலை போனாலும் வரத்தான் வேண்டும், அதில் யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல முடியாது.

மௌத்துச் செய்தி என்றால், சாதாரண நாளிலேயே ஜனாஸாவுக்கு வந்து சேர முடிவதில்லை. 2020 மே கடைசியில் வந்த விதிப்படி ஏழு நாள் சொந்தச் செலவில் விடுதியிலும் ஏழு நாள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். குடும்பத்தில் இறப்பு, கர்ப்பம், கடும் நோய், பத்து வயதுக்குக் கீழ் குழந்தையோடு வரும் பெற்றோர் ஆகியோருக்கு விடுதியிலிருந்து விலக்கு தந்தார்கள், அதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. அப்படி ஒரு நிலை வந்தால் மருத்துவமனைத் தாளையோ கிராம நிர்வாக அலுவலர் சான்றையோ வீட்டில் உடனே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

நோய் உங்களுக்கே வந்தால் ஊருக்கு ஓடிவர நினைக்காதீர்கள். காய்ச்சலோடு விமான நிலையத்தைத் தாண்டவும் விடமாட்டார்கள். 2020 மார்ச் கடைசியில் சவூதி, இக்காமா இல்லாதவர்களுக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என்று அறிவித்தது. இங்கே 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு என்ன பாடு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான்.

கிளம்புவது என்று முடிவானால்

தூதரகத்தின் இணையப் படிவத்தில் முதலில் பதியுங்கள். 2020-இல் கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாளிகள், வேலை இழந்தவர்கள், விசா முடிந்தவர்கள் என்று வரிசை வைத்துத்தான் கூப்பிட்டார்கள். இலவசம் இல்லை, டிக்கெட் காசு நம்முடையது. பொய்யான காரணம் எழுதாதீர்கள். கூப்பிடும்போது தாள் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு மாமா "நாளைக்கு மதுரைக்கு ஸ்பெஷல் விமானம், இந்த எண்ணுக்குப் பணம் போடுங்க" என்று குரல் பதிவு அனுப்பினால், தூதரகப் பக்கத்தில் அந்த விமானம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

விசா முடிந்து மறைந்து வேலை செய்கிறவர்கள் பொது மன்னிப்பு அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 2020 ஏப்ரலில் குவைத் அபராதம் இல்லாமலும் மறுபடி வரத் தடை இல்லாமலும் போகவிட்டது. அப்படி ஒரு வாசல் திறந்தால் அதை விடக்கூடாது.

விமானம் எந்த ஊருக்கு என்பதைப் பாருங்கள். நமக்கு மதுரை கிட்டம், அடுத்தது திருச்சி. கொச்சிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் மாநில எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டம் தாண்ட 2020 ஆகஸ்ட் கடைசி வரை இ-பாஸ் இருந்தது. வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள், ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் பாஸில் இருக்க வேண்டும்.

பெட்டியில் வாசனைத் திரவியமும் பால் பவுடரும் குறைவாக இருக்கட்டும். ஒரு மாத மருந்து, மருத்துவச் சீட்டு, அசல் சான்றிதழ்கள், இரண்டு சிம், கொஞ்சம் இந்திய ரூபாய், இவை கைப்பையில்.

வந்து சேர்ந்த பிறகு

தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை. நம் வீடுகளில் இது சுலபம் இல்லை. தண்ணீரே குடக் கணக்கில் வாங்குகிற தெருக்கள் இருக்கின்றன. நீங்கள் வருவதற்கு முன்பே முன்னறையைக் காலி செய்து ஒரு டிரம் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். வயதான நன்னாவும் நன்னியும் உள்ளறைக்குப் போகட்டும். கட்டிப்பிடித்து ஸலாம் சொல்ல வருகிற சொந்தக்காரர்களைத் தடுப்பதுதான் பெரிய வேலை, அதை உங்கள் லாத்தாவிடம் (அக்காவிடம்) ஒப்படைத்துவிடுங்கள்.

வங்கிக்குப் போய், நிரந்தரமாக வந்துவிட்டீர்களா, திரும்பப் போகிறீர்களா என்பதைச் சொல்லுங்கள். நிரந்தரம் என்றால் என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) கணக்கை மாற்ற வேண்டும். ஊரில் 182 நாளைத் தொட்டால் வருமான வரியில் உங்கள் நிலை மாறும். வெளிநாட்டில் வாடகையோ வியாபாரமோ வைத்திருப்பவர்கள் ஆடிட்டரைப் பாருங்கள். சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

திரும்பிப் போகிறவர்கள் தடுப்பூசி விஷயத்தில் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளாமல், நீங்கள் போகும் நாடு எதை ஏற்கிறது என்று முதலில் பாருங்கள். 2021 நடுவில் சவூதி பட்டியலில் கோவிஷீல்டின் மூலமான ஆஸ்ட்ராஜெனகா இருந்தது, கோவேக்சின் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கோவேக்சினை ஏற்றதே நவம்பர் 3-இல். வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் கோவிஷீல்டு இரண்டாம் ஊசியை 84 நாள் காத்திராமல் 28 நாளிலேயே போட அந்த ஜூனில் அனுமதித்தார்கள், அதற்கு விசாத் தாளைக் காட்ட வேண்டியிருந்தது. சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஏறியிருக்க வேண்டும், பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி பெயர் இருப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதை ஊரில் இருக்கும்போதே சரி செய்யுங்கள். பாஸ்போர்ட் ஒரு வருஷத்துக்குள் முடிகிறது என்றால் மதுரை மண்டல அலுவலகத்தில் இப்போதே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள், கதவு திறந்த வாரத்தில் அங்கே கூட்டம் நிற்க இடமிருக்காது.